கரையும் குழாயும்: சான்ரா மொனிக்கா விரிகுடாவின் கழிவுநீர் வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் நீர்வழங்கலைப் பற்றி விரிவாகக் கூறுவர். உரோமாபுரியின் நீர்ப்பாலங்களும் அநுராதபுரத்தின் குளங்களும் பாடநூல்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன. ஆனால், நகரினுட் புகுந்த நீர் பயன்பட்டபின் எவ்வழியாக வெளியேறிற்று, யாருடைய வாயிலிற் சென்று சேர்ந்தது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அருவருப்பு இதற்கொரு காரணமாகலாம். நிலத்தின் கீழே கிடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மற்றொரு காரணம். ஆயினும் ஒரு நகரம் தன் அயலாரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவன், அந்நகரின் மண்டபங்களைவிட அதன் குழாய்களின் கடைவாயைப் பார்ப்பதே நன்று.

நமக்கு இது தொலைவான விடயமன்று. கொழும்பு மாநகரின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரித்தானியர் ஆட்சியில் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலினுட் செல்லும் நீண்ட குழாய்கள் அதனோடு இணைக்கப்பட்டன. முதுமையடைந்த அத்தொகுதியைப் புதுப்பிப்பதற்கான திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வெள்ளவத்தைக் கரையிலே மாலைவேளையில் உலாவும் மாணவருள் எத்தனை பேர் தம் காலடிக்கு அண்மையிற் செல்லும் அக்குழாயைப் பற்றி எண்ணியிருப்பர் என்பது ஐயமே. இக்கட்டுரை கொழும்பைப் பற்றியதன்று. இதே சிக்கலை மிகப் பெரிய அளவிற் சந்தித்து, நூற்றாண்டுக்கு மேலாக அதனோடு போராடி, அப்போராட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஆவணங்களில் விட்டுச்சென்றுள்ள ஒரு நகரைப் பற்றியது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக்கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமும், அதன் கழிவை ஏற்ற சான்ரா மொனிக்கா விரிகுடாவின் மணற்கரையுமே இங்கு ஆராயப்படுகின்றன.

லொஸ் ஏஞ்சல்ஸ் 1781ஆம் ஆண்டு ஸ்பானியரால் நிறுவப்பெற்றது. ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட ஒரு வாய்க்காலே அச்சிற்றூரின் உயிர்நாடி. அதனை அவர்கள் தாய்வாய்க்கால் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். குடிப்பதற்கும் பயிருக்கும் அதுவே நீர் தந்தது. பின்னர் அமெரிக்கர் ஆட்சியில் ஊர் நகராக வளர்ந்து கழிவுநீர்க் குழாய்கள் போடப்பட்டபோது, 1880களில் அக்கழிவு நகரின் தெற்கே இருந்த விளைநிலங்களுக்குப் பாய்ச்சப்பட்டது. வறண்ட நிலத்தில் எந்த நீரும் செல்வமே என்னும் உழவர் மனப்பாங்கு அக்காலத்தில் இன்னும் மறையவில்லை. ஆனால் விளைநிலங்கள் குடியிருப்புக் காணிகளாகத் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நாற்றம் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. காணியின் விலை உயர உயர, கழிவுநீரின் மதிப்புக் குறைந்தது. பயிருக்கு உரமாகக் கொள்ளப்பட்ட பொருள் ஒரு தலைமுறைக் காலத்தினுள்ளே எவரும் தம் வேலிக்கப்பால் தள்ள விரும்பும் பொருளாயிற்று.

எனவே நகரம் கடலை நாடியது. 1892இற் கரையோரத்திலே 200 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அவ்விடத்தின் பெயர் ஹைபீரியன். கிரேக்க புராணத்திற் சூரியனின் தந்தையின் பெயர் அது. மலம் வந்து சேரும் இடத்துக்கு இத்தகைய பெயர் வாய்த்தது வரலாற்றின் விளையாட்டுக்களுள் ஒன்று. 1894இல் முதலாவது பெருங்குழாய் அங்கு வந்து சேர்ந்தது. நகரின் கழிவு எவ்விதச் சுத்திகரிப்புமின்றி விரிகுடாவிற் கலந்தது. 1908 அளவில் இரண்டாவது பெருங்குழாயும் அமைக்கப்பட்டது. அதுவும் கழிவை உள்ளவாறே கடலிடம் ஒப்படைத்தது.

இவ்விடத்திற் குடித்தொகைக் கணக்கை நோக்குதல் வேண்டும். 1890இல் அந்நகரில் வாழ்ந்தோர் 50,395 பேர். 1900இல் 102,479, 1910இல் 319,198, 1920இல் 576,673, 1930இல் 1,238,048 என அத்தொகை பெருகிற்று. நாற்பதாண்டுகளில் இருபத்து நான்கு மடங்கு. ஒவ்வொரு குழாயும் போடி முடிக்குமுன்னரே சிறிதாகிப் போனதற்கு இதனைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவு மக்கள் ஒரு வறண்ட சமவெளியில் வாழ முடிந்ததெவ்வாறு? வேற்றிடத்து நீரால். வில்லியம் முல்ஹோலண்ட் என்னும் பொறியியலாளரின் தலைமையில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் இருநூறு மைலுக்கு மேற்பட்ட கால்வாயினூடாகக் கொண்டுவரப்பட்டு, 1913 நவம்பரிற் பெருவிழாவோடு திறந்துவிடப்பட்டது. பள்ளத்தாக்கின் உழவர் நீரிழந்து வாடினர். அக்கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதே நீர் சில மணிநேரம் வீடுகளிலே தங்கிவிட்டு மறுமுனையில் எங்கே சென்றது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. நீரைக் கொண்டுவந்த நாளை விழாவாகக் கொண்டாடிய நகரம், அந்நீர் வெளியேறும் வழியைப் பற்றி வழக்குத் தொடரப்படும் வரை பேச விரும்பவில்லை. ஒருமுனையில் ஒரு பள்ளத்தாக்கும் மறுமுனையில் ஒரு விரிகுடாவும் ஒரே வளர்ச்சிக்கு விலை கொடுத்தன எனின் அது மிகையாகாது.

1920களிலே கரையோர ஊர்களின் எதிர்ப்பு வலுத்தபோது நகரம் வடக்குப் பெருங்குழாய் எனப்படும் புதிய குழாயை அமைத்தது. 1925இல் ஹைபீரியனிற் சல்லடை நிலையமொன்றும், ஒரு மைல் தூரம் கடலினுட் செல்லும் குழாயும் இயங்கத் தொடங்கின. சல்லடை நிலையம் என்ற பெயரே அதன் செயலை உணர்த்தும். பருமனான பொருள்கள் தடுக்கப்பட்டன. ஏனையவை யாவும் கடலுக்குச் சென்றன. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கழிவின் தன்மை மாற்றப்படவில்லை. அது கண்ணிற் படும் இடம் மட்டுமே மாற்றப்பட்டது. கரையிலிருந்து ஒரு மைல் என்பது பொறியியலாளரின் அளவு. அலைக்கும் காற்றுக்கும் அவ்வளவு தெரியாது. போதாக்குறைக்கு அக்கடற்குழாயே கசியத் தொடங்கிற்று.

இதன் விளைவைக் கண்ணாரக் கண்ட ஒருவரின் சாட்சியம் எதிர்பாராத இடத்திலிருந்து நமக்குக் கிடைக்கின்றது. ஆங்கில எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லியும், நாற்சி ஜேர்மனியை விட்டு வெளியேறிய நாவலாசிரியர் தோமஸ் மானும் 1939ஆம் ஆண்டு தத்தம் மனைவியருடன் இக்கரையில் உலாவச் சென்றனர். உரையாடல் ஷேக்ஸ்பியரைப் பற்றியதாக இருந்தது. அழகிய அக்கரையில் மனித நடமாட்டமே இல்லை. காரணம் சிறிது நேரத்திற் புலனாயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலிலே வெண்மையான சிறு பொருள்கள் எண்ணிறந்தனவாகச் சிதறிக் கிடந்தன. அவை நகரின் கழிவோடு வந்து ஒதுங்கிய கருத்தடை உறைகள். சல்லடைக்கு அகப்படாது கடலுக்குச் சென்று, அலையால் திருப்பி அனுப்பப்பட்டவை. இந்நிகழ்ச்சியை ஹக்ஸ்லி 1956இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் விவரித்துள்ளார். அறிஞர் இருவர் நாடகக் கவிஞனைப் பற்றிப் பேசிக்கொண்டு நகரின் கழிவின்மேல் நடந்த அக்காட்சி, அக்கால லொஸ் ஏஞ்சல்ஸ் பற்றிப் பல ஆய்வேடுகள் கூறாததைக் கூறிவிடுகின்றது.

உலகப் போர் வந்தது. விமானத் தொழிற்சாலைகள் பெருகின. தொழிலாளர் குடும்பங்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்து குவிந்தன. குழாய்களோ பழையவை. 1942இல் மாநிலப் பொதுச் சுகாதாரச் சபை விரிகுடாவின் கரைகளை ஆராய்ந்தது. மறுவருடம் வெனிஸ் பகுதியிலிருந்து ஹேர்மோசா கரை வரையுள்ள ஏறத்தாழ 10 மைல் நீளக் கரையில் மக்கள் இறங்குதல் தடை செய்யப்பட்டது. கோடையிற் குளிக்க வேறு வழியற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கும் விடுமுறையில் வந்த படையினர்க்கும் கரை மூடப்பட்டது. நகரின் மீது மாநிலம் வழக்கும் தொடுத்தது. இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் சபையின் தலைவராயிருந்த எல்மர் பெல்ற் என்னும் மருத்துவர். சிறுநீரக நோய்களிலே வல்லுநரான இவர், லெயனார்டோ டாவின்சி பற்றிய நூல்களைத் தேடிச் சேர்த்துப் பின்னர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு வழங்கியவர். நீரோட்டத்தை வாழ்நாள் முழுவதும் வரைந்து ஆராய்ந்த கலைஞனின் மீது இத்தகைய மருத்துவர் ஈடுபாடு கொண்டது தற்செயலாகவும் இருக்கலாம்.

பொதுக்கரை என்னும்போது அதில் ‘பொது’ என்பது யாரைக் குறித்தது என்றும் கேட்டல் வேண்டும். தடை செய்யப்பட்ட இதே பத்து மைலுக்குள்ளேதான் மன்ஹாற்றன் கரை உளது. அங்கு கறுப்பின மக்கள் வந்து தங்கிக் குளிக்கத்தக்க ஒரு விடுதியைப் புரூஸ் குடும்பத்தினர் நடத்தி வந்தனர். 1924இல் நகரசபை பூங்கா அமைப்பதாகக் கூறி அந்நிலத்தைச் சட்டப்படி கைப்பற்றும் நடவடிக்கையை எடுத்தது. அந்நிலம் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம் மீள அளிக்கப்பட்டது 2022இலேதான். மனிதரைத் தடுக்க விரைந்த சட்டம் மலத்தைத் தடுக்க இருபதாண்டு தாமதித்தது.

போரின் பின்னர் நிலைமை மாறிற்று. பழைய சல்லடை நிலையம் இருந்த இடத்திற் புதிய சுத்திகரிப்பு நிலையம் எழுப்பப்பட்டு 1950இல் இயங்கத் தொடங்கிற்று. இதிற் கையாளப்பட்டது உயிர்ப்பூட்டிய சேற்று முறை. கழிவுநீர் முதலிற் பெருந்தொட்டிகளில் அசையாது நிற்கவிடப்படும். கனமானவை அடியிற் படியும். இது முதற்படி. பின்னர் மீந்த நீரினுட் காற்றுச் செலுத்தப்பட, அதிலுள்ள நுண்ணங்கிகள் பெருகிக் கரைந்துள்ள அழுக்கை உண்டு திரண்டு தாமும் படியும். இது இரண்டாம் படி. ஆறு தன் நீண்ட ஓட்டத்திற் செய்யும் வேலையைச் சில மணிநேரத்திற் செய்விக்கும் முறை எனலாம். படிந்த சேறு உலர்த்தப்பட்டு உரமாக விற்கப்பட்டது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் உழவர் அறிந்திருந்த உண்மையை நகரம் இயந்திரங்களின் துணையுடன் மீண்டும் கண்டுபிடித்தது.

இந்நிலையத்தை அமைப்பதற்குக் கரையோர மணற்குன்றுகள் அகழப்பட்டன. அவ்வாறு அகழப்பட்ட ஏறத்தாழ 14 மில்லியன் கனயார் மணல் அயற்கரைகளிலே கொட்டப்பட்டது. கடலரிப்பால் ஒடுங்கியிருந்த கரைகள் பலநூறு அடி அகன்றன. இன்று சினிமாக்களில் நாம் காணும் அகன்ற பொன்மணற்பரப்பிற் கணிசமான பகுதி இயற்கை தந்ததன்று. கழிவுநீர் நிலையத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது வந்த மண் அது. கரையைக் கெடுத்ததும் குழாய், கரையை அகலமாக்கியதும் அக்குழாயின் நிலையம் என்னும் இவ்வுறவை, அங்கு குடை விரித்துப் படுத்திருப்போர் அறிந்திருக்க நியாயமில்லை.

ஹக்ஸ்லி மீண்டும் வந்து பார்த்தபோது மணல் தூய்மையாக இருந்தது. தம் கட்டுரையிலே அவர் இந்நிலையத்தைப் பாராட்டினார். மனித குலத்தின் வரலாற்றிலே அழுக்கு வகித்த பங்கைப் பற்றியும், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் பிரிவில் அது கலந்திருப்பதைப் பற்றியும் சிந்தித்தார். ஆனால் அவரது நூல் அச்சேறிய காலத்திலேயே அவர் பாராட்டிய நிலைமை மறையத் தொடங்கிவிட்டது.

1950இல் நகரின் குடித்தொகை 1,970,358. 1960இல் 2,479,015. சுற்றியிருந்த சிறு நகரங்களும் ஒப்பந்தஞ் செய்து தம் கழிவையும் ஹைபீரியனுக்கு அனுப்பின. நிலையம் விரிவுபடுத்தப்பட வேண்டியதாயிற்று. முழுக் கழிவையும் இரண்டாம் படி வரை சுத்திகரிப்பதற்குப் பெரும்பணம் வேண்டும். நகரம் மலிவான வழியைத் தேர்ந்தது. 1957 தொடக்கம் கழிவுநீரிற் சிறுபங்கே இரண்டாம் படிக்குட்பட்டது. பெரும்பங்கு முதற்படியோடு நின்றது. இரண்டும் கலக்கப்பட்டு, ஐந்து மைல் நீளமான புதிய குழாயினூடாகக் கடலுக்கு அனுப்பப்பட்டன. உரம் செய்தல் கைவிடப்பட்டது. சேறு ஏழு மைல் நீளமான வேறொரு குழாயினூடாகக் கடலடிப் பள்ளத்தாக்கொன்றின் முகப்பிற் கொட்டப்பட்டது.

அக்காலப் பொறியியலாளரைக் கொடியவர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கடல் பெரிது, கழிவு சிறிது, போதிய தூரத்திலும் ஆழத்திலும் விட்டால் நீர்த்துப் போய்விடும் என்பது அன்றைய கல்வி. கரையில் எடுக்கப்பட்ட நீரில் நோய்க்கிருமிகள் குறைந்தன என்பதும் உண்மையே. அவர்கள் அளந்ததைச் சரியாகவே அளந்தனர். அளக்காது விட்டது கடலின் அடியை. மாதந்தோறும் 25 மில்லியன் இறாத்தல் திண்மக் கழிவு விரிகுடாவினுட் சென்றதாக நகரின் சுகாதாரப் பகுதியே பின்னர் கூறியுள்ளது. குழாயின் வாயைச் சூழ்ந்த கடற்றரையில் உயிரினங்கள் அருகின. றிமன் ஃபே என்னும் கடலுயிரியலாளர் நெடுங்காலமாக இவ்விரிகுடாவில் மூழ்கி உயிரினங்களைச் சேகரித்தவர். தாம் கண்ட சீரழிவை அவர் சபைகள் தோறும் எடுத்துரைத்தார். ஒரு மைல் ஐந்து மைலாயிற்று, ஐந்து ஏழாயிற்று. 1894இலிருந்து செய்யப்பட்ட மாற்றங்களுள் 1950இற் செய்யப்பட்டதொன்றே கழிவை மாற்ற முயன்றது. ஏனையவை தூரத்தை வாங்கின. அந்த ஒன்றும் ஏழாண்டுகளிற் குறுக்கப்பட்டது.

1972இல் ஐக்கிய அமெரிக்கப் பேரவை தூயநீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் எல்லா நகரங்களும் 1977 நடுப்பகுதிக்குள் இரண்டாம் படிச் சுத்திகரிப்பைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. லொஸ் ஏஞ்சல்ஸ் அவ்வாறு செய்யவில்லை. 1977இற் சட்டத்திலே ஒரு திருத்தம் வந்தது. ஆழ்கடலுக்குக் கழிவை அனுப்பும் நகரங்கள் விதிவிலக்குக் கோரலாம் என்பது அதன் சாரம். நகரம் விண்ணப்பித்தது. சமஷ்டி அரசின் சூழற்பாதுகாப்பு முகவரகமும் முதலில் இணங்கும் போக்கையே காட்டிற்று.

இங்கேதான் கதையிற் புதியவர் நுழைகின்றனர். ஹவார்ட் பெனற் என்பவர் உயர்நிலைப் பாடசாலையொன்றின் ஆங்கில ஆசிரியர், நாள்தோறும் கடலில் நீந்துபவர். தாம் நீந்தும் நீரினுள் என்ன கலக்கின்றது என அறிந்ததும் விதிவிலக்கை எதிர்த்து ஆட்களைத் திரட்டினார். 1985இல் டொறதி கிறீன் என்னும் பெண்மணி, விரிகுடாவைக் குணப்படுத்துக என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். சட்டம் கற்றோர், அலைச்சறுக்கு வீரர், இல்லத்தரசியர், உயிரியலாளர் எனப் பல்வகையினர் ஒன்று சேர்ந்தனர். விசாரணை மண்டபங்கள் நிரம்பின. விதிவிலக்கு மறுக்கப்பட்டது. 1987இல் நீதிமன்றின் முன் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, சேறு கொட்டுதலை அவ்வருட இறுதிக்குள் நிறுத்தவும், 1998 இறுதிக்குள் முழு அளவில் இரண்டாம் படிச் சுத்திகரிப்பை நிறைவேற்றவும் நகரம் கட்டுப்பட்டது. ஏழு மைல் குழாய் 1987 நவம்பரில் ஓய்ந்தது.

நிலையத்தைப் பற்றிய வழக்கு இவ்வாறிருக்க, அதற்குக் கழிவைக் கொண்டுவந்த குழாயின் கதி என்ன? இஃது அதிகம் பேசப்படாத பகுதியாதலின் சிறிது விரித்துரைக்கலாம். 1920களில் அமைக்கப்பட்ட வடக்குப் பெருங்குழாய் கொங்கிறீற்றினாலானது. உட்புறத்திலே சுட்ட களிமண் ஓடுகள் பதிக்கப்பட்டு, இடைவெளிகள் சீமெந்துச் சாந்தினால் நிரப்பப்பட்டிருந்தன. வெப்பமான நாட்டிலே, சரிவு குறைந்த நீண்ட குழாயில், கழிவுநீர் மெல்ல நகரும். அதன் அடியிற் படரும் பாசிபோன்ற படையிலே ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அதுவே. வாயு மேலெழுந்து குழாயின் ஈரமான கூரையிற் படியும்போது, வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதனைச் சல்பூரிக்கமிலமாக்குகின்றன. அமிலம் சீமெந்தை உண்கின்றது. உறுதியான கொங்கிறீற்று விரலால் வழிக்கத்தக்க வெண்களியாகின்றது. சாந்து கரைய ஓடுகள் விழுகின்றன. பின் கூரையே அமிலத்துக்கு வெளிப்படுகின்றது. நீர் ஓடும் அடிப்பகுதி நலமாயிருக்க, எவரும் காணாத மேற்பகுதி நலிகின்றது. இதில் உயிரினங்களுக்குள்ள பங்கை மெல்பேண் நகரின் குழாய்களை ஆராய்ந்த பாக்கர் என்பவர் 1945இல் நிறுவினார். அதாவது, லொஸ் ஏஞ்சல்சின் குழாய் அமைக்கப்பட்டு இருபது ஆண்டுகளின் பின்னரே அது எதனால் அழியும் என்பது தெளிவாயிற்று.

மழைக்காலங்களில் இக்குழாய் கொள்ளளவுக்கு மேல் நிரம்பி, 1980களிற் பலமுறை பலோனா என்னும் ஓடையில் வழிந்தது. ஓடை நேரே கரைக்குச் செல்வது. அபராதங்கள் விதிக்கப்பட்டன. குழாயை அடைத்துத் திருத்துவதோ இயலாத செயல். அதன் கழிவைச் சுமக்க வேறு குழாய் இல்லை. மனிதவுடலில் இதயத்தை நிறுத்தாமற் சத்திரசிகிச்சை செய்வதுபோன்ற நிலை. எனவே பழையதற்கு இணையாகப் பூமியின் ஆழத்திலே ஏறத்தாழ எட்டு மைல் நீளச் சுரங்கமாகப் புதிய மாற்றுப் பெருங்குழாய் தோண்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. அதன் பின்னரே பழைய குழாயைப் பகுதி பகுதியாக வெறுமையாக்கிப் பழுதுபார்த்தல் சாத்தியமாயிற்று. முதுமையடைந்த பொதுக்கட்டமைப்பை மாற்றுவதிலுள்ள பெருஞ்செலவு புதியதை அமைப்பதில் மட்டுமன்று, பழையதை நிறுத்தாமல் அமைப்பதிலேயே இருக்கின்றது.

ஹைபீரியன் நிலையத்திலும் இதுவே நிகழ்ந்தது. 144 ஏக்கர் நிலப்பரப்பிலே, ஒரு நாளேனும் ஓய்வின்றிக் கழிவு வந்துகொண்டிருக்க, பழைய தொட்டிகள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுப்பப்பட்டன. 1,600 மில்லியன் டொலர் செலவாயிற்று. 1998இல் வேலை முடிந்தது. சட்டம் குறித்த நாளுக்கு இருபத்தோராண்டு பிந்தியே முடிந்ததெனினும், விரிகுடாவின் அடித்தரையில் உயிரினங்கள் மீளத் தொடங்கின. 2001இல் அமெரிக்கப் பொதுவேலைகள் சங்கம் இதனை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பத்துப் பொதுவேலைகளுள் ஒன்றாக அறிவித்தது. மேற்கூறிய ஆசிரியரோ, கடலுயிரியலாளரோ இன்றி அச்சிறப்பு வந்திராது.

கழிவுநீர் தூய்மையானதும் வேறொரு குறை வெளிப்பட்டது. தெருக்களின் மழைநீரை எடுத்துச் செல்லும் கான்கள் வேறு தொகுதி. அவை சுத்திகரிப்பின்றிக் கரையிலேயே திறந்தன. 1995இல் இக்கரைகளிற் குளித்தோரிடையே தென்கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், கான்வாயின் முன்னே குளித்தவர், நானூறு யாருக்கப்பால் குளித்தவரைவிடக் கூடுதலாகக் காய்ச்சலும் வயிற்றுநோயும் உற்றமை தெரியவந்தது.

இனி அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று. 2006 நவம்பரில் ஐந்து மைல் குழாயை உட்புறமாகப் பார்வையிடுவதற்காக மூன்று நாட்கள் கழிவுநீர் ஒரு மைல் குழாய்க்குத் திருப்பப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த குழாய்க்குக் கிடைத்த முதல் ஓய்வு அது. 2015 செப்டெம்பரில் நிலையத்தின் பழைய உறுப்புக்களை மாற்றுவதற்காக மீண்டும் ஆறு வாரங்கள் ஒரு மைல் குழாய் பயன்பட்டது. வெளியேறிய நீர் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டதே. ஆயினும் சில நாட்களில் டொக்வைலர் கரையில் கருத்தடை உறைகளும் பெண்களின் மாதவிடாய்ப் பொருள்களும் ஊசிகளும் ஒதுங்கின. கரை மூடப்பட்டது. நெடுங்காலம் பயன்படாதிருந்த குழாயினுட் சிக்கிக் கிடந்த பழைய குப்பையே இவ்வாறு வெளிவந்ததெனக் கருதப்பட்டது. ஹக்ஸ்லியும் மானும் நடந்த கரைக்கு எழுபத்தாறு ஆண்டுகளின் பின் அதே பொருள்கள் திரும்பி வந்தன.

மூன்றாவது நிகழ்ச்சி 2021 யூலை 11ஆம் நாள் நிகழ்ந்தது. நிலையத்தின் தலைவாயிலிலுள்ள சல்லடைகளைப் பெருமளவு குப்பை அடைத்துக்கொண்டது. எச்சரிக்கை மணி ஒலித்தும் உரிய வேளையிற் கவனிக்கப்படவில்லை. கழிவு பொங்கி நிலையத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. இயந்திரங்கள் நீரிற் கிடந்தன. தொழிலாளர் உயிராபத்தின் மத்தியில் வேலை செய்தனர். நிலையம் முற்றாக அழியாது காப்பதற்காகச் சுத்திகரிக்காத கழிவு ஒரு மைல் குழாயில் திறந்துவிடப்பட்டது. முதலில் 17 மில்லியன் கலன் எனவும் பின்னர் 12.5 மில்லியன் கலன் எனவும் அதன் அளவு கணிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அறிவித்தல் கிடைத்ததோ மறுநாள். அதற்குள் பலர் கடலில் இறங்கியிருந்தனர். அயலிலுள்ள எல் செகுண்டோ ஊரார் மாதக்கணக்கில் நாற்றத்தைச் சகித்தனர். 1925இல் அமைந்த நிலையத்தின் ஒரேயொரு கருவி சல்லடை. நூறாண்டுக் கல்வியும் 1,600 மில்லியன் டொலரும் சேர்ந்த நிலையமும் ஒருநாட் பொழுதிற் சல்லடையினாலேயே வீழ்ந்தது.

2019இல் அப்போதைய நகரபிதா எரிக் கார்செற்றி, 2035ஆம் ஆண்டளவில் நகரின் கழிவுநீர் முழுவதையும் மீளப் பயன்படுத்தும் நோக்கத்தை அறிவித்தார். பல நூறு மைல் தொலைவிலிருந்து கொணரும் நீரை ஒருமுறை பயன்படுத்திக் கடலில் எறிதல் தகாது என்பது அதன் அடிப்படை. பெயர்ப்பலகையில் நிலையம் இப்போது நீர் மீட்பு நிலையம் எனப்படுகின்றது. 1880களில் நகரின் தெற்கே கழிவுநீரைத் தம் பயிருக்குப் பாய்ச்சிய உழவருக்கு இக்கருத்திற் புதுமை எதுவும் தோன்றியிராது. கடலடியிலே ஒரு மைல் குழாய் அப்படியே கிடக்கின்றது. அவசர வேளைக்கென அது பேணப்பட்டு வருகின்றது.